‘கூ’ என்ற ஆங்கிலச் சொல்: விரலுக்குத் தெரிந்த ‘ஏதோ ஒன்று’

காரைக்குடியில் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற மாதம் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், எங்கேயோ கதையில் படித்த புதிய சொல் ஒன்றை வைத்து வாக்கியம் எழுதிவந்தாள். ஜி, ஓ, ஓ என்று மூன்றே எழுத்து. அவள் எழுதிய ஆங்கில வாக்கியத்தின் பொருள் இது: ‘கடையில் பத்து ரூபாய்க்குக் கூ வாங்கி, நோட்டில் படம் ஒட்டினேன்.’ இலக்கணம் சரியாக இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. ஆனாலும் ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவர் இதைப் படித்தால் திகைத்துப்போவார். ஏன் தவறு என்று கேட்டவள், கையோடு அகராதியையும் விரித்துக் காட்டினாள். ‘பிசுபிசுப்பான, ஒட்டும் தன்மையுள்ள பொருள்’ என்று அதில் இருந்தது. “பசையும் ஒட்டுகிற பொருள்தானே, டீச்சர்?” என்றாள்.

அகராதியில் தவறில்லை. அது பாதியைத்தான் சொல்லியிருந்தது. மீதிப் பாதியைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இரண்டு வகுப்புகள் ஆயின. அதை முழுதாக எழுதிவைத்தால் அவளைப் போலவே தடுமாறும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் ஒலியைச் சரிசெய்துகொள்வோம். குயில் ‘கூ’ என்று கூவும்போது வருகிற வல்லோசை இதற்கு இல்லை. கூகுள் என்று சொல்கிறோமே, அதன் முதலெழுத்து எப்படி ஒலிக்கிறதோ அப்படித்தான் இதுவும் ஒலிக்கும். குரு, குணம் ஆகிய சொற்களின் முதலெழுத்தை நீட்டிச் சொன்னாலும் அதே ஒலி கிடைக்கும். தமிழில் இரண்டு ஒலிக்கும் ஓரெழுத்துதான் என்பதால், இந்தக் கட்டுரையில் ‘கூ’ வரும் இடமெல்லாம் கூகுளை நினைத்துக்கொண்டு படியுங்கள். வடக்கே வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இந்தியில் ஏறக்குறைய இதே ஒலியில் மலத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறது. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. இருந்தாலும் சாப்பிடும் இடத்தில் இந்த ஆங்கிலச் சொல்லைத் தவிர்த்துவிடலாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். தண்ணீர் மாதிரி ஓடிவிடாமலும் கல் மாதிரி நிற்காமலும் நடுவில் இருக்கிற, ஈரமான, கெட்டியான, தொட்டால் ஒட்டுகிற ஏதோ ஒன்று: அதுதான் ‘கூ’. இந்த விளக்கத்தைக் கேட்பவர்கள் எல்லோரும் ‘ஒட்டுகிற’ என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். என் மாணவியும் அதையே பிடித்துக்கொண்டாள். நான் அவளை ‘ஏதோ ஒன்று’ என்பதன் கீழே கோடு போடச் சொன்னேன். கையில் பட்டது என்னவென்று தெரியாதபோதுதான் ஆங்கிலேயர் வாயில் இந்தச் சொல் வருகிறது. தெரிந்திருந்தும் அதன் பெயரைத் தேடிச் சொல்லப் பொறுமை இல்லாதபோதும் வரும். விரல் அறிந்துவிட்டது, அறிவு இன்னும் பெயர் வைக்கவில்லை என்ற அந்த நொடிக்கு உரிய சொல் இது.

கடையில் வாங்கிய பசைக்குப் பெயர் இருக்கிறது. அதைக் ‘க்லூ’ என்றோ ‘கம்’ என்றோ சொல்லலாம். எதற்காக வாங்கினோம் என்பதும் தெரியும். ஆகவே அதைக் ‘கூ’ என்று சொல்ல முடியாது. அதே பசைக் குப்பியின் மூடி கழன்று புத்தகப்பைக்குள் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பென்சில் சீவிய தூளும் பழைய பஸ் டிக்கெட்டும் அதில் ஒட்டிக் கிடக்கின்றன. அம்மா பைக்குள் கையை விட்டுவிட்டு, “என்ன இது?” என்று வெடுக்கென்று வெளியே இழுக்கிறாள். இப்போது அவள் விரலில் இருப்பது ‘கூ’. பொருள் மாறவில்லை. அதைச் சந்தித்த விதம் மாறிவிட்டது. தேனும் அப்படித்தான். குப்பியில் இருக்கும்வரை தேன். இரண்டு நாள் கழித்து அலமாரித் தட்டில் எறும்பும் தூசியுமாகக் கை வைத்தால் ‘கூ’.

ஆங்கிலம் இதை ஒரு பெயர்ச்சொல்லாக வைத்திருக்கிறது. தமிழில் இதற்கு நேரான பெயர்ச்சொல்லைத் தேடினால் கிடைக்காது. அகராதி தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிசின், பசை, கோந்து, பாகு, கூழ், களி, சளி, கோழை, சீழ், பீளை, சேறு, சகதி, அரக்கு, தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம் என்று நம்மிடம் பெயர்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றும் பொருள் இன்னதென்று தெரிந்தபின் வைத்த பெயர். பிசின் என்றால் மரத்திலிருந்து வடிந்தது என்று தெரிந்துவிடுகிறது. பீளை என்றால் கண்ணில் வந்தது என்று தெரிந்துவிடுகிறது. ‘கூ’விலோ அந்தத் தகவல் எதுவும் இல்லை.

அப்படியானால் தமிழர்கள் இந்த அனுபவத்தை எப்படிச் சொல்கிறோம்? அடுப்பங்கரையில் காதைக் கொடுத்தால் தெரியும். “டப்பாவில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டுகிறது.” “வடிகால் குழாயில் ஏதோ கொழகொழவென்று வருகிறது.” இதுதான் ‘கூ’வின் தமிழ். பெயர் தெரியாமையை ‘ஏதோ’ சொல்லிவிடுகிறது. தொட்ட உணர்வை இரட்டைக்கிளவி சொல்லிவிடுகிறது. வினைச்சொல் அது செய்கிற காரியத்தைச் சொல்கிறது. ஆங்கிலம் ஒரே பெயர்ச்சொல்லில் அடைத்துவைத்ததை நாம் வாக்கியம் முழுக்கப் பரப்பிவிடுகிறோம். இதை உணர்ந்த பிறகு எனக்கு மொழிபெயர்ப்பு எளிதாகிவிட்டது. சிறுவர் கதையில் விண்வெளி விலங்கின் வாயிலிருந்து பச்சை நிறக் ‘கூ’ வடிந்தது என்று வந்தால், ‘பச்சையாக ஏதோ கொழகொழவென்று வடிந்தது’ என்று எழுதினால் போதும். ‘பச்சைப் பிசுபிசுப்புப் பொருள் வடிந்தது’ என்று எழுதினால், ஆய்வுக்கூடத்துச் சீட்டை வாசிப்பது போல இருக்கிறது.

இந்த இரட்டைக்கிளவிகளிலும் நுணுக்கம் உண்டு. விரலை எடுக்கும்போது தோலைப் பிடித்து இழுப்பது பிசுபிசுப்பு. காயாத வார்னிஷும் வெல்லம் பட்ட கையும் அந்த வகை. கெட்டியாக, தளர்வாக, பிடிக்க முடியாமல் நழுவுவது கொழகொழப்பு. ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே போவது வழவழப்பு. ஈரத்தில் ஊறிக் குழைந்து கிடப்பது சொதசொதப்பு. ‘கூ’ என்ற சொல் பிசுபிசுப்புக்கும் கொழகொழப்புக்கும் பொருந்தும். வெறும் வழவழப்புக்குப் பொருந்தாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ‘கொழகொழ’வையும் ‘கொழுகொழு’வையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். கொழுகொழு என்று இருப்பது நன்றாக வளர்ந்த குழந்தை. கொழகொழ என்று இருப்பது அதிகம் வெந்துவிட்ட வெண்டைக்காய். ஓர் உகரம் போனால் குழந்தையைப் பெற்றவளுக்குக் கோபம் வந்துவிடும்.

வெண்டைக்காய் என்றதும் எங்கள் பக்கத்து மண்டியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரிசி கழுவிய கெட்டிக் கழுநீரில் புளியைக் கரைத்து, வெங்காயமும் பூண்டும் மிளகாயும் சேர்த்து வைக்கிற வெண்டைக்காய் மண்டி இல்லாத செட்டிநாட்டு விருந்து குறைவு. வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியோடு நூல் நூலாக இழுத்துக்கொண்டு வருகிறதே, அது தண்ணீரில் கரைந்து கெட்டிப்படும் ஒருவகை நீள் சர்க்கரைச் சங்கிலி. தண்ணீர் பட்டால் அது இன்னும் பெருகும். அதனால்தான் காயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்கச் சொல்கிறார்கள். முதலில் எண்ணெயில் வதக்குவதும், பிறகு புளியின் புளிப்பில் வேகவிடுவதும் அந்தக் கொழகொழப்பை அடக்குகின்றன. ஆங்கிலத்தில் இந்த நூலிழுப்பைக் ‘கூ’ என்பதைவிட ‘ஸ்லைம்’ என்பதுதான் பொருத்தம். ‘ஸ்லைம்’ மிகப் பழைய சொல். வழுக்கல் அதன் உயிர். நத்தை விட்டுப்போகும் கோடும், மழைக்காலத்தில் ஊருணிப் படிக்கட்டில் காலை வாரிவிடும் பாசியும் ‘ஸ்லைம்’. ஊருணிப் பாசியைக் ‘கூ’ என்று எழுதினால், கால் வழுக்குவதற்குப் பதிலாக அங்கேயே ஒட்டிக்கொண்டது போன்ற படம் மனத்தில் எழும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் இருப்பது பலாப்பழம். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி பலாப்பழம் வெட்டும்போது முதல் வேலையாகக் கையிலும் அரிவாள்மணையிலும் எண்ணெய் தடவிக்கொள்வார். ஒருமுறை நான் அவசரத்தில் தடவாமல் சுளை எடுக்கப்போய், பத்து விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து அலுத்தேன். “தண்ணீருக்கு அது போகாது ஆத்தா. எண்ணெயைப் போட்டுத் துடை” என்றார் ஆச்சி. பலாப்பால் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் இளகும் என்ற வேதியியலை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆச்சிக்கு அது ‘பால்’. தாவரவியல் படித்த ஆங்கிலேயருக்கு அது ‘லேடெக்ஸ்’. வாழ்நாளில் முதல்முறையாகப் பலாப்பழத்தைத் தொட்ட சுற்றுலாப் பயணிக்கு அது ‘கூ’. மூன்றும் சரிதான். யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

நம் மொழியில் நூறு சொற்கள் இருக்கின்றன, அவர்களுக்கு ஒன்றுதான் என்று பெருமை பேசுவது தவறு. வெல்லப்பாகையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, விரலால் தொட்டு இழுத்துப் பார்த்து, கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று நம் வீட்டுப் பெண்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். அதிரசத்துக்கு ஒரு பதம், பொரி உருண்டைக்கு வேறு பதம். ஆங்கிலச் சமையல்காரர்களும் பாகை நூல் பதம், மென்பந்துப் பதம், கடும்பந்துப் பதம் என்று அதேபோல் பிரிக்கிறார்கள். அவர்களும் தண்ணீரில் சொட்டு விட்டுத்தான் பார்க்கிறார்கள். பாகு காய்ச்சத் தெரிந்த எந்த நாட்டவரும் பாகைக் ‘கூ’ என்று சொல்வதில்லை. தெரியாதவர் சொல்வார், பதம் தவறிப் பாத்திரத்தில் பிடித்துப்போனதைப் பார்த்துத் தெரிந்தவரும் சொல்வார்.

இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கூ’ எண்ண முடியாத பெயர். தண்ணீர், மணல் என்பவற்றைப் போல. ஆகவே ‘எ கூ’ என்று முன்னால் ஒருமைச் சொல் போடக் கூடாது. பன்மைக்கு எஸ் சேர்க்கவும் கூடாது. ‘தேர் இஸ் சம் கூ ஆன் மை ஷூ’ என்றால் ‘என் ஷூவில் ஏதோ ஒட்டியிருக்கிறது’ என்று பொருள். ஒரு துளி, ஒரு கட்டி என்று அளவு சொல்ல வேண்டுமானால் ‘எ பிளாப் ஆஃப் கூ’ என்பார்கள். வினைச்சொல்லாக இதைப் பயன்படுத்துவதைத் தொடக்க நிலையில் இருப்பவர்கள் விட்டுவிடலாம்.

பெயரடைதான் சுவையான இடம். இந்தச் சொல்லின் பின்னால் ஈ, ஒய் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ‘கூயி’ என்று ஆகும். ஈ எழுத்தை விட்டுவிட்டு ஒய் மட்டும் சேர்ப்பதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் குணம் மாறுவதைக் கவனியுங்கள். ‘கூ’ என்றால் முகம் பெரும்பாலும் சுளிக்கும். ‘கூயி’ என்றால் நாக்கில் எச்சில் ஊறலாம். உள்ளே இளகிய சாக்லேட் வழிகிற கேக்கைக் ‘கூயி’ என்று புகழ்வார்கள். உருகி இழுபடும் பாலாடைக்கட்டியையும் அப்படிப் புகழ்வார்கள். அதே கேக்கின் நடுவில் இருப்பதைக் ‘கூ’ என்று சொன்னால் செய்தவர் மனம் வருந்துவார்.

எங்கள் கவுனி அரிசிக்கு ‘கூயி’ என்பது நன்றாகப் பொருந்தும். கறுப்பும் ஊதாவும் கலந்த அந்த அரிசி, பர்மாவோடு வணிகம் செய்த நகரத்தார் வழியாகச் செட்டிநாட்டுக்கு வந்தது என்பார்கள். முந்தின இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் கரண்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும். மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. கிளை இல்லாமல் நீளும் அமைலோஸ், கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். நாம் சோற்றுக்கு வைக்கும் அரிசியில் இரண்டும் இருக்கும். ஒட்டும் அரிசி வகைகளிலோ அமைலோஸ் மிகமிகக் குறைவு. ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டின்தான். அந்த ஒட்டலுக்கு அதுவே காரணம். இந்த அரிசி வகையை ஆங்கிலத்தில் ‘குளூட்டினஸ்’ அரிசி என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் பயந்துவிடுகிறார்கள். அரிசியில் குளூட்டன் இல்லை. லத்தீன் மொழியில் பசைக்குக் ‘குளூட்டென்’ என்று பெயர். ‘பசை போன்ற’ என்ற பொருளில் அரிசிக்கு அந்த அடைமொழி வந்தது. ‘க்லூ’ என்ற சொல்லும் அதே லத்தீன் குடும்பம்தான்.

ஆடிக்கும்மாயத்துக்கு ‘கூயி’ என்று சொல்லலாமா என்று மாணவி கேட்டாள். உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த மாவைக் கருப்பட்டிப் பாகில் கரைத்துக் கிளறும்போது, பாதி வழியில் அது நிச்சயம் ‘கூயி’. நெய்யை விட்டுக்கொண்டே கிளறி, கையில் ஒட்டாமல் திரண்டு வந்தபின் அந்தச் சொல் அதை விட்டு விலகிவிடுகிறது. ஒட்டாததைக் ‘கூயி’ என்று சொல்ல முடியாது. ஒரே சட்டியில் கால்மணி நேரத்துக்குள் சொல் பொருந்துவதையும் விலகுவதையும் பார்க்கலாம் என்பதால், ஆடி மாதத்தில் இதைப் பாடமாகவே நடத்தலாம் என்று இருக்கிறேன்.

‘கூ’வின் உறவுக்காரர்களில் இன்னொன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘கங்க்’ என்று ஒரு சொல் உண்டு. இதற்கும் முதலொலி மெல்லியதுதான். சைக்கிள் சங்கிலியில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்குமே, குளியலறை வடிகாலில் முடியும் சோப்பும் சேர்ந்து அடைத்திருக்குமே, அதுதான் ‘கங்க்’. அழுக்கு இல்லாமல் ‘கங்க்’ இல்லை. நம் ‘எண்ணெய்ப் பிசுக்கு’ இதற்கு மிக அருகில் வரும். 1930-களில் அமெரிக்காவில், எண்ணெய் அழுக்கை நீக்கும் சோப்பு ஒன்றுக்கு வைத்த வணிகப் பெயர் இது. காலப்போக்கில் சோப்பை விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் ‘கஞ்ச்’ என்ற சொல்லும் ஏறக்குறைய இதே பொருளில் வழங்குகிறது. ‘கூப்’, ‘குளூப்’ என்பனவும் ‘கூ’வின் பக்கத்தில் நிற்பவைதான், கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

‘கூ’ எங்கே பிறந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆங்கிலத்தில் எழுத்துக்கு வருகிறது. வேர் உறுதியாக நிறுவப்படவில்லை. கப்பல் மாலுமிகள் உண்ட ஓட்ஸ் கஞ்சிக்குப் ‘பர்கூ’ என்று பெயர். அதன் வால்தான் தனியே பிரிந்து நின்றது என்பது பலரும் முன்வைக்கும் ஊகம். இதைச் சொன்னவுடனே வகுப்பில் ஒரு பையன், “அப்படியென்றால் நம் கூழ்தான் டீச்சர்!” என்று எழுந்துவிட்டான். அவன் ஆர்வம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒலியும் பொருளும் ஒத்துப்போவதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடாது. எந்த ஆண்டில், எந்த எழுத்தில், யார் வழியாக ஒரு சொல் இன்னொரு மொழிக்குப் போனது என்று தடம் காட்ட வேண்டும். ‘மிளகுதண்ணி’ ஆங்கிலத்துக்குப் போனதற்கு அந்தத் தடம் இருக்கிறது. கூழுக்கு இல்லை. இருக்கிற பெருமையே நமக்குப் போதும் என்னும்போது இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

குழந்தைகள் மழலையில் எழுப்பும் ‘கூ கூ’ ஒலியும், காதலர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘கூகூ கண்கள்’ என்ற தொடரும் வேறு வழியில் வந்தவை. எழுத்து ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் ‘கூ’வுக்கே இன்னொரு பொருளும் உண்டு. அளவுக்கு மீறிக் குழைகிற பாசப் பேச்சையும் ‘கூ’ என்பார்கள். தமிழிலும் ‘குழைதல்’, ‘உருகுதல்’, ‘வழிதல்’ என்று ஈரப்பொருளின் வினைகளையே மனத்துக்குப் பயன்படுத்துகிறோம். மொழிகள் இரண்டும் தனித்தனியே ஒரே உவமையைக் கண்டுபிடித்திருப்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தருகிறது.

இந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது பேச்சுவழக்குச் சொல். விண்ணப்பத்திலும் தேர்வுக் கட்டுரையிலும் ஆய்வக அறிக்கையிலும் இடம் பெறக் கூடாது. இதைவிட முக்கியமான இன்னோர் இடம் இருக்கிறது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் வேலைக்கு இளைஞர்கள் பலர் வருகிறார்கள். பளிங்கு போல மின்னும் அந்தச் சுவர்களைப் பார்த்து, இதை எதில் செய்தார்கள் என்று வெளிநாட்டவர் கேட்பார்கள். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவையும் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய வேலை அது. அப்படி விளக்கும்போது, அந்தக் கலவைக்கு ஆங்கிலச் சொல் உடனே நினைவுக்கு வராமல் ‘ஒருவகைக் கூ’ என்று ஓர் இளைஞர் சொன்னதை நானே கேட்டேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மனம் கனத்தது. கொத்தனார்கள் நாள்கணக்கில் பதம் பார்த்துப் பார்த்து அரைத்த சாந்து அது. பெயரும் பக்குவமும் உள்ள ஒன்றைக் ‘கூ’ என்று சொன்னால், ‘என்னவென்று தெரியாத எதையோ அள்ளிப் பூசினார்கள்’ என்று சொன்னதாக ஆகிவிடும். ‘லைம் பிளாஸ்டர்’ என்று சொல்ல வேண்டும். சாந்து என்றே சொல்லி விளக்கினால் இன்னும் நல்லது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து ஊற்றும் வண்ணச் சிமெண்டுக் கரைசலுக்கும் இது பொருந்தும். அது ‘ஸ்லரி’, ஓடுகிறது, ஒட்டி இழுப்பதில்லை.

அறிவியலில் இந்தச் சொல்லுக்கு இடமே இல்லையா என்றால், பேச்சில் உண்டு. 1986-இல் எரிக் டிரெக்ஸ்லர் என்ற அமெரிக்கர், தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளும் நுண் இயந்திரங்கள் கட்டுக்கடங்காமல் போனால் உலகையே விழுங்கிவிடலாம் என்ற கற்பனையான ஆபத்தைக் ‘கிரே கூ’, அதாவது சாம்பல் நிறக் ‘கூ’ என்று குறிப்பிட்டார். பெயரோ உருவமோ மிஞ்சாத ஒரு பிண்டத்தைச் சொல்ல அவருக்கும் இந்தச் சொல்தான் வந்தது. வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. டார்ச்சில் போட்டு மறந்துவிட்ட பழைய சாதா பேட்டரியை எடுத்தால், துத்தநாக உறை அரித்துப் பிசுபிசுவென்று ஏதோ வெளியே வந்திருக்கும். நம் கையில் அது ‘கூ’. 1953-லிருந்து காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், எங்கள் ஊரார் ‘சிக்ரி’ என்று அழைக்கும் இடத்தில், பேட்டரி ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அது மின்பகுபசை. அதில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியும். நீங்கள் எடுக்கும்போது வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணிலும் படக் கூடாது.

இவ்வளவும் பேசி முடித்த இரண்டாம் நாள் மாலையில், அந்தப் பெண்ணிடம் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு ஒன்று எழுதிவரச் சொன்னேன். மறுநாள் நோட்டை நீட்டினாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் தமிழ் இது: ‘எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு மரப்பெட்டியைத் திறந்தோம். அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் கூ இருந்தது. அது என்னவென்று அப்பத்தாவுக்கும் தெரியவில்லை.’

கடைசி வரியின் கீழே பச்சை மையில் கோடு போட்டு, பத்துக்குப் பத்து கொடுத்தேன். பிறகு நோட்டை மூடிவிட்டு, அந்த மஞ்சள் பொருள் தண்ணீரில் கரைகிறதா எண்ணெயில் கரைகிறதா என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.